முதல் ஊசி எந்த ஊரில்?



இந்தச் சொற்பொழிவின் அழைப்பிதழில் 'எலும்புக் காயச் சிகிச்சையில் அண்மைக்கால ஆய்வுகள்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். வீட்டில் அதைப் படித்துவிட்டு, "மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் இதையா பேசப் போறீங்க?" என்று கேட்டார்கள். அதனால் ஆய்வுகளை நான் ஒரு காலில் கட்டி எடுத்து வந்திருக்கிறேன். அது ஒரு மனிதரின் வலது கால். முதலில் அந்தக் கால் முறிந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம்.

அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சுரங்கத்தில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லைக் கையில் எடுத்தால் சிப்பி ஓடு அப்படியே பதிந்திருக்கும். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல். அந்தக் கடலின் சிப்பிகள்தாம் இன்றைக்குச் சிமெண்டாகி ஊர் ஊராகப் போகின்றன. சிப்பி ஓடும் கால்சியம், நம் எலும்பும் கால்சியம். ஒரு கால்சியத்தை ஏற்றிக்கொண்டு வருகிற டிப்பர், இன்னொரு கால்சியத்தின் மேல் ஏறிவிடுகிறது. கேஷுவால்டியில் பாதி ராத்திரி இப்படித்தான் போகும்.

பெரம்பலூர்ப் பக்கம் கதை வேறு. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மாவட்டத்தை நடுவாகக் கிழித்துப் போகிறது. திருமாந்துறையில் ஆரம்பித்துப் பாடாலூர் வரைக்கும், சாலையைக் கடக்கிற ஒவ்வொரு ஊருக்கும் ஓர் எலும்பு முறிவுக் கதை உண்டு. வயலில் நடப்பது தனி. மக்காச்சோளம் அடிக்கிற இயந்திரத்தில் முந்தானை சிக்கும், வேட்டி சிக்கும், பின்னாலேயே கை போகும். அடித்த சோளத்தைத் தார்ச் சாலையில் பாதி அகலத்துக்குக் காயப்போட்டு, ஓரத்தில் கல் வரிசை வைப்பார்கள். சோளத்தை மாலையில் அள்ளிவிடுவார்கள். கல்லை மறந்துவிடுவார்கள். இரவில் மோட்டார் சைக்கிளில் வருகிறவனுக்கு அந்தக் கல்தான் எமன். எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகிற பருவத்தில், பின்விளக்கில்லாத டிரெய்லர் எமனின் அண்ணன்.

இரயிலையும் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 23 விடியற்காலை, மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140 பேருக்கு மேல் இறந்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி அமைச்சர் பதவியை விட்டு விலகியது இதற்காகத்தான். அரியலூர் என்ற பெயரை இந்தியா முழுக்கக் காயத்தோடு சேர்த்துத்தான் முதலில் கேட்டது. 51 ஆண்டு கழித்து அதே நவம்பர் 23இல்தான் அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானது. தேதி வைத்தவர்கள் இதை நினைத்தார்களா என்று தெரியவில்லை.

இனி அந்தக் கால். 108 ஆம்புலன்ஸ் வண்டி நம் மாநிலத்துக்கு வந்தது 2008 செப்டம்பரில். இது அதற்கு இரண்டு வருடம் முந்தி. நான் ஒரு சிறிய மருத்துவமனையில் பணியில் இருந்தேன். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. மாலை ஏழு மணிக்கு ஒரு குட்டியானை வண்டியில், வெங்காயச் சாக்குகளுக்கு நடுவில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவரைக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். மோட்டார் சைக்கிளோடு டிராக்டருக்கு அடியில் போயிருக்கிறார். வலது முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம் தோல் கிழிந்து எலும்பின் முனை வெளியே தெரிந்தது. முனையில் எரு ஒட்டியிருந்தது. இரத்தம் நிற்கட்டும் என்று யாரோ காப்பித்தூளை அப்பியிருந்தார்கள். துண்டை எடுத்ததும் முதலில் வந்தது காப்பி வாசனை. இன்றைக்கும் எனக்கு டிகாக்‌ஷன் வாசனையோடு அந்தக் கால் நினைவுக்கு வரும்.

நான் என்ன செய்தேன்? டி.டி. ஊசி போட்டேன். வலிக்கு ஊசி போட்டேன். பஞ்சு வைத்துக் கட்டினேன். சீட்டில் 'மேல் சிகிச்சைக்காக' என்று எழுதி அனுப்பிவிட்டேன். எல்லாம் முறைப்படிதான். அடுத்த ஊரில் படுக்கை இல்லை என்றார்கள். அதற்கடுத்த இடத்தில் எலும்பு மருத்துவர் காலையில்தான் வருவார் என்றார்கள். பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. ஆன்டிபயாடிக் முதல் ஊசி அங்கேதான் ஏறியது, ஒன்று நாற்பதுக்கு. கேஸ் ஷீட்டில் பின்னால் பார்த்தேன். அந்த ஊசி ஏழு மணிக்கு என் மேசைக்குப் பின்னாலிருந்த அலமாரியில் இருந்தது.

கால் தப்பியது. ஒன்றரை வருடம், ஏழு முறை ஆபரேஷன் தியேட்டர். ஒன்றரை அங்குலம் குட்டை. இப்போதும் சின்ன வெங்காயம் போடுகிறார். இந்தச் சொற்பொழிவில் உங்கள் கதையைச் சொல்லலாமா என்று கேட்டேன். "பேரைப் போடாதீங்க டாக்டரய்யா, காலை வேணா சொல்லிக்குங்க" என்றார்.

அன்றைக்கு நான் ஏன் அந்த ஊசியைப் போடவில்லை? தெரியாமல் இல்லை. ஆறு மணி நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். தோல் கிழிந்து எலும்பு வெளியே வந்த முறிவை, அதாவது திறந்த முறிவை, ஆறு மணி நேரத்துக்குள் தியேட்டரில் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது நாங்கள் மனப்பாடம் செய்த பாடம். அதுவரை பொறுக்கலாம் என்று அதன் மறுபக்கத்தை நாங்களாகப் படித்துக்கொண்டோம். இந்த ஆறு மணி நேரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1898இல் ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் என்ற அறுவை மருத்துவர் கினிப் பன்றிகளின் காயத்தில் தோட்ட மண்ணையும் மாடிப்படித் தூசியையும் வைத்துப் பார்த்தார். ஆறு மணி நேரத்துக்குள் காயத்தை வெட்டிச் சுத்தம் செய்த பன்றிகள் பிழைத்தன. பிந்தியவை செத்தன. ஆன்டிபயாடிக் என்ற ஒன்றே இல்லாத காலம் அது. அந்தப் பன்றிகளின் கடிகாரத்தைத்தான் நூறு வருடத்துக்கு மேல் மனிதக் காலில் கட்டியிருந்தோம்.

ஊசியின் கணக்கு 1974இலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் பட்ஸாகிஸும் கூட்டாளிகளும் திறந்த முறிவுக்காரர்களைப் பிரித்து, சிலருக்கு மருந்து கொடுக்காமலும் சிலருக்கு செஃபலோதின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தும் பார்த்தார்கள். மருந்தில்லாதவர்களில் நூற்றுக்கு 14 பேர் அளவில் சீழ் பிடித்தது. மருந்து பெற்றவர்களில் இரண்டு பேருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். எந்த நேரத்தில் என்ற கேள்விக்கு 2015இல் வில்லியம் லாக் குழுவினர் விடை தேடினார்கள். கீழ்க்காலின் மோசமான திறந்த முறிவுகள் 137. அதில் இரண்டு எண்கள் வெளிப்பட்டன. காயம் பட்டு 66 நிமிடத்துக்குள் முதல் ஊசி ஏறியிருக்க வேண்டும், 5 நாளுக்குள் புண் தோலாலோ தசையாலோ மூடப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் தவறினால் சீழ் கூடுகிறது. 137 கால் சிறிய கணக்குதான், 66 நிமிடம் வேதவாக்கு அல்ல. ஆனாலும் அது காட்டுகிற திசையைப் பாருங்கள். பெரம்பலூரிலிருந்து திருச்சி ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வண்டி வந்து, ஏற்றி, வழியில் ஓரிடத்தில் நின்று போனால் 66 நிமிடம் சமயபுரம் டோல்கேட்டுக்கு முன்னாலேயே முடிந்துபோகும். ஆகவே முதல் ஊசி திருச்சியில் போட வேண்டிய ஊசி அல்ல. பாடாலூரில், வேப்பந்தட்டையில், செந்துறையில், திருமானூரில் போட வேண்டியது. அதைப் போட எலும்பு மருத்துவர் தேவையில்லை. ஒவ்வாமை உண்டா என்று கேட்கத் தெரிந்த டூட்டி டாக்டர் போதும்.

அண்மைக்கால ஆய்வுகளில் எனக்குப் பிடித்தது எதுவென்றால், அவை நம்மைப் போன்ற சிறிய ஊர்களை மதிக்கின்றன. பெரும் செலவில் உலகம் முழுக்கச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் அவை கண்டுபிடிப்பது ஒரு மலிவான பொருளை.

காயத்தைக் கழுவுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவமனைகளில் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் கருவிகள் வந்தன. விலையைக் கேட்டு நாங்கள் பெருமூச்சு விட்டோம். சோப்புக் கரைசல் நல்லது என்றும் பேச்சு. கனடாவின் மோகித் பண்டாரி தலைமையில் ஐந்து நாடுகளில், இந்தியாவும் உட்பட, 41 மருத்துவமனைகளில் 2,400க்கு மேற்பட்ட திறந்த முறிவுகளைக் கழுவிப் பார்த்தார்கள். 2015இல் முடிவு வந்தது. பீய்ச்சியடித்தாலும் பாட்டிலை உயரத்தில் தொங்கவிட்டு வழியவிட்டாலும் ஒன்றுதான். சோப்பு போட்டுக் கழுவியவர்களில் 14.8 விழுக்காட்டினருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடி அறுவை செய்ய வேண்டியிருந்தது. வெறும் உப்புத் தண்ணீரில் கழுவியவர்களில் 11.6. நம் கம்பத்தில் தொங்குகிற சலைன் பாட்டில் வென்றது!

இரத்தப் பெருக்குக்கு டிரானெக்சாமிக் அமிலம், மாதவிடாய் இரத்தப்போக்குக்கு நாம் எழுதுகிற அதே மருந்து. 2010இல் 40 நாடுகளில் 20,000 பேருக்கு மேல் சோதித்ததில் அது உயிர் காப்பது தெரிந்தது. ஆனால் மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், பிந்தினால் கெடுதல். இங்கேயும் பார்த்தீர்களா, கேள்வி எந்த மருந்து என்பதல்ல, எந்த ஊரில் என்பது. முறிவுக்குப் பின் காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகாமலிருக்க வயிற்றில் போடுகிற ஹெப்பாரின் ஊசிக்குப் பதில் ஆஸ்பிரின் மாத்திரை போதுமா என்று 12,000க்கு மேற்பட்டவர்களிடம் சோதித்து 2023இல் சொன்னார்கள். மரணத்தைத் தடுப்பதில் மாத்திரை சளைக்கவில்லை. காலில் உறைவது மட்டும் மாத்திரைக்காரர்களுக்குச் சற்றுக் கூடுதல். வீட்டுக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள ஆளில்லாத நோயாளிக்கு இது பெரிய செய்தி.  

இப்போது கோயம்புத்தூருக்குப் போவோம். அங்கே சற்று நின்று பேச எனக்கு ஆசை.

நசுங்கிப்போன காலைக் காப்பாற்றுவதா, எடுப்பதா என்பதுதான் எங்கள் தொழிலிலேயே கொடிய கேள்வி. அமெரிக்காவில் 1990இல் மெஸ் என்றொரு மதிப்பெண் முறை வந்தது. ஏழு வந்தால் எடு. ஆனால் அது இரத்தக்குழாய் அறுந்த கால்களுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். நம்மிடம் வருவது வேறு. இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், பாதம் சூடாக இருக்கும், நடுவில் தோலும் தசையும் எலும்பும் மட்டும் கஞ்சியாகிக் கிடக்கும். உலகமே பயன்படுத்துகிற கஸ்டிலோ வகைப்பாட்டில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், 3-பி. உள்ளங்கையளவு தோல் போன காலும் 3-பி, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை உரிந்த காலும் 3-பி. கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரனும், பிளாஸ்டிக் அறுவைத் துறையில் டாக்டர் ராஜா சபாபதியும், கூட இருந்தவர்களும் நம் ஊர்க் காயங்களுக்கு நம் ஊரிலேயே ஒரு கணக்குப் போட்டார்கள். 109 கால்களை வைத்துச் சோதித்து, 2006இல் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இன்று அது கங்கா மதிப்பெண் என்று உலகப் பாடநூல்களில் இருக்கிறது.

கணக்கு எளிது. மூடுகிற தோலுக்கு ஒன்றிலிருந்து ஐந்து. எலும்புக்கு ஒன்றிலிருந்து ஐந்து. தசைக்கும் நரம்புக்கும் ஒன்றிலிருந்து ஐந்து. பிறகு ஏழு கேடுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு. வயது 65ஐத் தாண்டியதா, சர்க்கரை நோய் உண்டா, வரும்போது இரத்த அழுத்தம் விழுந்திருந்ததா என்று போகும். அந்த ஏழில் இரண்டைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்று, சாக்கடையோ மாட்டுத் தொழுவ மண்ணோ புண்ணில் சேர்ந்ததா? இன்னொன்று, அடிபட்டதிலிருந்து 12 மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் சுத்தம் செய்தார்களா? 14 வரை காலைக் காப்பாற்று. 17, அதற்கு மேல் என்றால் எடு. 15, 16 என்றால் யோசி, பேசு, அனுபவத்தைக் கேள்.

எங்கள் வெங்காயக்காரரின் காலுக்குப் பின்னாளில் நான் மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். தோல் 3, எலும்பு 4, தசை 3. பத்து. எரு ஒட்டியிருந்தது, இரண்டு. மறுநாள் காலை எட்டரைக்குத்தான் தியேட்டர், பன்னிரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது, இன்னொரு இரண்டு. மொத்தம் 14. விளிம்பு. எருவுக்கான இரண்டை டிராக்டர் கொடுத்தது. அடுத்த இரண்டை என் சீட்டும் மற்றவர்கள் சீட்டுகளும் சேர்ந்து கொடுத்தோம். அவருக்கு மட்டும் சர்க்கரை நோய் இருந்திருந்தால் 16.

நாங்கள் மட்டும் இப்படியில்லை என்பது ஆறுதலா, தெரியாது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா என 18 நாடுகளில் 31,000க்கும் மேற்பட்ட முறிவு நோயாளிகளைப் பற்றி 2020இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஏறக்குறைய நாலில் ஒருவர் ஒரு நாள் கழித்தே உரிய மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார். காரணங்களில் முதலிடம் வறுமைக்கோ சாலைக்கோ இல்லை. ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவதுதான் முதலிடம்.

நம் மாநிலம் சும்மா இருக்கவில்லை. 2021 டிசம்பர் 18இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும் முதல் 48 மணி நேரம் காசு கேட்கக் கூடாது. தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை. பதிவு பெற்ற தனியார் மருத்துவமனைகளும் உண்டு. 2022 ஜனவரியில் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. காசு இல்லையே என்று வாசலில் நிற்கிற காட்சி குறைந்திருக்கிறது, அதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் காசைத் திட்டம் கொடுக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் யார் எதைச் செய்தார் என்பதைத் திட்டத்தால் கொடுக்க முடியாது.

கடைசியாக, கட்டு வைத்தியர்கள். இந்த மேடையில் நான் அவர்களைத் திட்டுவேன் என்று சிலர் எதிர்பார்க்கலாம். கட்டு வைத்தியத்துக்குப் பேர்போன, ஆந்திர எல்லையிலிருக்கிற புத்தூரின் பெயரைச் சொல்லி நம் ஊர்களிலும் போர்டு தொங்குகிறது. மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, மூலிகை எண்ணெய். மக்கள் ஏன் போகிறார்கள்? அங்கே வைத்தியர் காலைத் தொட்டுப் பார்க்கிறார். நாங்கள் எக்ஸ்ரேயைப் பார்க்கிறோம்.

இங்கிலாந்தில் லிவர்பூலில் ஹியூ ஓவன் தாமஸ் என்று ஒருவர் இருந்தார், 1834இல் பிறந்தவர். தலைமுறை தலைமுறையாகக் கட்டு கட்டுகிற குடும்பம். அப்பாவை ஊர் டாக்டர்கள் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். மகனை டாக்டருக்குப் படிக்கவைத்தார் அப்பா. இந்த மகன் செய்த இரும்புச் சட்டம்தான் தாமஸ் ஸ்பிளின்ட். அவருடைய மனைவி வழியில் மருமகன் முறையான ராபர்ட் ஜோன்ஸ் அதை முதல் உலகப் போருக்குக் கொண்டுபோனார். தொடை முறிந்த சிப்பாய்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தது அந்தச் சட்டத்தால் பெருமளவு குறைந்தது. நம் கேஷுவால்டி மூலையில் துருப்பிடித்துச் சாய்ந்து நிற்கிறதே, அதேதான். எங்கள் துறையே கட்டு வைத்தியர் வீட்டுப் பிள்ளைதான். அண்ணன் தம்பிச் சண்டை.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கொய்யா மரத்திலிருந்து விழுந்த ஆறு வயசுப் பிள்ளைக்கு முழங்கைக்குச் சற்று மேலே முறிவு. வீக்கம் ஏறிக்கொண்டிருக்கும்போது பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால், உள்ளே தசை மூச்சுத் திணறிச் சாகும். 1881இலேயே ஃபோல்க்மன் என்ற அறுவை மருத்துவர் எழுதிவைத்துவிட்டார். கை கோழிக்கால் மாதிரி மடங்கி நின்றுவிடும், ஆயுளுக்கும். மூங்கில் கட்டில் மட்டுமா? முதல் நாளே முழு மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்புகிற எங்கள் ஆட்களிடமும் இது நடக்கும். அடையாளம் ஒன்றுதான். கட்டுக்குப் பிறகு வலி குறைய வேண்டும். கூடினால், பிள்ளையின் விரலை மெல்ல நிமிர்த்தும்போது அலறினால், கட்டை அவிழ்த்துவிட வேண்டும், அந்த நிமிடமே, அது யார் கட்டிய கட்டானாலும். விடியட்டும் என்று காத்திருந்த அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த கட்டு வைத்தியர் ஒருவர் இப்போது வீக்கம் உள்ள முழங்கையைத் தொடுவதில்லை. "இது உங்களுது" என்று என்னிடம் ஆளோடு அனுப்பிவிடுவார். நேராக, நடுவில் எங்கும் நிற்காமல். சீட்டெல்லாம் கிடையாது.

போன மாதம் ஒரு வேலையாகப் போகும்போது, இந்தச் சொற்பொழிவு மனசில் ஓடிக்கொண்டிருந்ததால், சாலையோரம் இருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் வண்டியை நிறுத்தினேன். இரவு ஒன்பது மணி. பணியிலிருந்த செவிலியர் சின்னப் பெண், நன்றாகப் படித்திருந்தது. திறந்த முறிவு வந்தால் முதலில் என்ன செய்வாய் அம்மா என்று கேட்டேன். ஆன்டிபயாடிக், டி.டி., சலைனில் கழுவிச் சுத்தமான துணியால் மூடி, ஸ்பிளின்ட், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் என்று தடங்கலில்லாமல் சொன்னது. சந்தோஷமாக இருந்தது. ஊசி எங்கே இருக்கிறது, காட்டு என்றேன்.

"உள்ளே அலமாரியில இருக்கு சார். சாவி ஃபார்மசிஸ்ட் சார்கிட்ட. காலையில வந்துடுவார்."